பாதரசம் ஏறிய வீடு

“கையை நீட்டு, வாலு. ஒரே ஒரு தடவை.”

“இப்பத்தானேப்பா பாத்தே!”

“அந்த மிஷின் சரியில்ல. இது வேற மிஷின்.”

வாலு என்று வீட்டில் கூப்பிடப்படும் அந்த எட்டு வயதுப் பெண் கையை நீட்டினாள். நீட்டும்போதே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அப்பா கையில் பட்டையைச் சுற்றினார், ரப்பர் பந்தை அமுக்கினார், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் குழாயில் பாதரசம் இறங்குவதையே பார்த்தார். நூற்று நாற்பத்தெட்டில் முதல் துடிப்பு கேட்டது. அந்த வயதுக் குழந்தைக்கு நூறோ, கொஞ்சம் மேலேயோ இருந்தால் போதும். நூற்று நாற்பத்தெட்டெல்லாம், உப்பைக் குறைக்கச் சொல்லியும் குறைக்காத அறுபது வயது ஆளுக்கு இருக்க வேண்டிய கணக்கு.

“எவ்வளவுப்பா?”

“நூத்திப் பத்து. சூப்பர்.”

பச்சைப் பொய். ஆனால் அதைச் சொன்ன மனிதர் கெட்டவர் இல்லை. யாருடைய முகமாவது வாடினால் தாங்காத ஆள், அவ்வளவுதான். வாடாமல் இருக்க வாயில் எது முதலில் வருகிறதோ அதைச் சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவர்களை ஊரே நல்லவர் என்று சொல்லும். அவர்களோடு குடும்பம் நடத்துகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஊரில் அவரைப் பி.பி. மெக்கானிக் என்பார்கள். போகப் போக அது வெறும் மெக்கானிக் ஆகிவிட்டது. சின்னச் சின்ன கிளினிக்குகளில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பாதரசக் கருவிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவை பழுதானால் அவரிடம்தான் வரும். பேட்டரியில் ஓடும் புதுக் கருவிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. “துடிப்பைக் காதால கேக்காம, தானே கணக்குப் போட்டுச் சொல்ற பொம்மை” என்பார். பள்ளிக்கூட நர்ஸ் அப்படி ஒரு பொம்மையை வைத்துத்தான் வாலுவுக்குப் பார்த்திருக்கிறாள். அழுத்தம் மிக அதிகம், உடனே பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மெக்கானிக் சிரித்தார். சிரித்துவிட்டு, தன்னிடம் இருப்பதிலேயே நல்ல கருவியை எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

வேறு யாராவது என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவர் மெக்கானிக். கணக்கு கூடினால் இவருக்குச் சந்தேகம் வருவது மனிதர் மேல் இல்லை, மிஷின் மேல். குழாய் அழுக்காக இருக்கும், காற்றுப் போகும் துளை அடைத்திருக்கும் என்று அன்று காலையிலேயே கருவியைக் கழற்றிவிட்டார்.

கழற்றிய இடத்தையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இரண்டே அறைகள். மூன்றாவது மாடி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவருடைய மேசை. அதே அறையின் தரையில் பாய்விரிப்பு, அதன் மேல் வாலுவின் புத்தகங்கள், படுக்கை, பொம்மைகள். மூலையில் ஹீட்டர். காற்றடித்தால் தூசி வந்து குழாயில் விழும் என்பதால் ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். பழைய பாதரசத்தைத் தட்டில் கொட்டுவார். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஊசித் துளை போட்டு, அதன் வழியே வடிகட்டுவார். கறுப்பு அழுக்கெல்லாம் காகிதத்தில் தங்கிவிட, கீழே பளபளவென்று சொட்டும். கழுவிய குழாயை ஹீட்டரின் மேல் வைத்து உலர்த்துவார். நாலு சொட்டு தரையில் தெறித்து ஓடும். அவற்றைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவார். கிடைத்தது தட்டுக்கு, கிடைக்காதது விரிப்புக்கு.

பாதரசம் உருளும்போது பார்க்க அத்தனை அழகு. அது ஆவியாவதைத்தான் யாரும் பார்த்ததில்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கதவு சாத்திய சூடான அறை என்றால் அதற்குக் கொண்டாட்டம். மெக்கானிக் தினமும் அதை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். வாலுவும் இழுத்தாள்.

கொஞ்ச நாளாகவே அந்த வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. வாலுவுக்குத் தூக்கம் போயிருந்தது. காரணமில்லாமல் வியர்த்தாள். கால் வலிக்கிறது என்று அழுதாள். விளக்கைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையும் பாதமும் ரோஜா நிறத்தில் சிவந்து தோல் உரிந்தது. தெருமுனை டாக்டர், ஏதோ வைரஸ், பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம், வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும் என்றார். அவள் நாள் முழுக்க அந்த விரிப்பின் மேலேயே ஓய்வெடுத்தாள். ஓய்வெடுக்க ஓய்வெடுக்க உடம்பு மோசமானது. பத்து நாள் கழித்து மறுபடி பள்ளிக்கூடம் போன அன்றுதான் நர்ஸ் அவளுக்கு அழுத்தம் பார்த்தாள்.

மெக்கானிக்குக்கு விரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. எழுந்து இரண்டு தடவை நடப்பார், எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோய் உட்காருவார், உடனே மறுபடி எழுவார். பொறுமைக்குப் பேர்போன மனிதர், தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடி சரியாக மூடவில்லை என்பதற்காக ஒருநாள் பாத்திரத்தையே தூக்கி எறிந்தார்.

அவர் மனைவிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. பேக்கரிக் கடையில் கல்லாவில் நிற்கும் வேலை அவளுக்கு. அதனால் பகலில் பெரும்பாலும் வெளியில்தான். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்துவிடும். போன மாதம் அவளுடைய கல்யாண மோதிரம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போனது. நகைக்கடைக்குப் போய், தங்கம் என்று சொல்லி எதையோ தலையில் கட்டிவிட்டாயே என்று கடைக்காரரை நாலு பேர் முன்னால் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு வந்தாள்.

மெக்கானிக் அன்று வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். அதனால்தான் மேசையில் உட்காரும் முன் தன் மோதிரத்தைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார். அவர் மேசை துடைக்கும் துணிகளை அவள்தான் துவைக்கிறாள். சொன்னால் திட்டுவாளே என்று நகைக்கடைக்காரரைப் பலி கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஆக, மிஷினைக் கழற்றினார். வடிகட்டி, கழுவி, உலர்த்தி, மறுபடி மாட்டி வாலுவுக்குப் பார்த்தார். நூற்று ஐம்பது. இன்னொன்றைக் கழற்றினார். அதிலும் அதே. தனக்குப் பார்த்தார், நூற்று அறுபது. அப்பாடா என்று மூச்சு வந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கும் தனக்கும் ஒன்றாகவா அழுத்தம் ஏறும்? மிஷின்கள்தான் கெட்டிருக்கின்றன என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு நாளாக வீட்டிலிருந்த அத்தனை கருவிகளும் மேசையில் குடல் சரிந்து கிடந்தன. அறை முழுக்கப் பாதரசம்.

“எல்லா மிஷினும் ஒண்ணு சேந்துக்கிட்டு உங்ககிட்ட மட்டும் பொய் சொல்லுதா?” என்றாள் மனைவி.

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“எனக்கு எதுதான் புரியும்? அவளுக்கு எவ்வளவு இருக்கு, அதைச் சொல்லுங்க.”

“நூத்திப் பத்துதான். நான்தான் சொல்றேன்ல!”

விடுமுறை நாளில் மச்சான் வந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பஸ் டிரைவர். சட்டைப் பட்டன்கள் எந்த நேரமும் தெறிக்கக் காத்திருக்கும் உடம்பு. வறுத்ததும் பொரித்ததும் தவிர வேறு எதையும் உணவு என்று ஒத்துக்கொள்ளாதவன். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“என்ன மாமா, கடையைப் பரப்பி வச்சிருக்கீங்க? கையோட கையா எனக்கும் ஒரு தடவை பாத்துடுங்க. எப்படியும் எகிறிக்கிட்டுத்தான் இருக்கும்.”

மெக்கானிக் பார்த்தார். நூற்று இருபது. கீழே எண்பது. புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி.

அவர் பட்டையை அவிழ்த்தார். அடுத்த கருவியை எடுத்தார். நூற்றுப் பதினெட்டு. அடுத்தது. நூற்று இருபது. மச்சான், “பாத்தீங்களா, இரும்பு உடம்பு!” என்று தொடையைத் தட்டிக்கொண்டான். மெக்கானிக் பட்டையைச் சுருட்டினார். இந்த ஆளிடம் சரியாகச் சொல்கிற மிஷின் வாலுவிடம் மட்டும் எப்படித் தப்பாகச் சொல்லும்? கடைசிக் கருவியை எடுத்துக்கொண்டு வாலுவிடம் போனார். அவள் கேட்காமலேயே கையை நீட்டினாள். நூற்று ஐம்பத்திரண்டு.

மிஷின் எல்லாம் சரி. ஒன்றுகூடக் கெடவில்லை. வெளியிலிருந்து வந்தவன் நன்றாக இருக்கிறான். இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

“வாலுவுக்கு நூத்தி ஐம்பத்திரண்டு” என்றார் மனைவியிடம்.

“காலையில நூத்திப் பத்துன்னீங்களே?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். செருப்புப் போட்டுக்கொள்ளவும் நிற்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. மேசையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. வாலுவின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, “நீங்களும் ரெண்டு கையையும் நீட்டுங்க” என்றார். விரல்கள் தந்தி அடித்தன. அப்புறம் மனைவியின் கை.

“இந்த மோதிரம் வெள்ளியாம்மா?”

“தங்கம், டாக்டர். கடைக்காரன் ஏமாத்திட்டான். நான் போய்ச் சண்டையே போட்டேன்.”

டாக்டரம்மா மெக்கானிக் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி அது. மெக்கானிக் சொன்னார். எங்கே வைத்துச் செய்கிறார் என்பதையும் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“டாக்டர், நான் அதைச் சாப்பிடல. கையில ஒட்டக்கூட ஒட்டாது” என்றார் மெக்கானிக்.

“சாப்பிட்டிருந்தாக்கூடப் பெரும்பகுதி அப்படியே வெளிய போயிருக்கும். நீங்க மூச்சுல இழுத்திருக்கீங்க. அது நுரையீரல்லேர்ந்து ரத்தத்துக்குப் போகுது. அங்கேர்ந்து மூளைக்கு, நரம்புக்கு, கிட்னிக்கு. தூக்கம் போகும், கை நடுங்கும், மறதி வரும், தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழத் தோணும். குழந்தைங்க நம்மைவிட வேகமா மூச்சு விடறாங்க, தரையோட தரையா இருக்காங்க. அதனால இவளுக்கு அடி பலமா விழுந்திருக்கு.”

மனைவி மெதுவாகக் கேட்டாள். “அப்போ நாங்க இத்தனை நாளா அடிச்சுக்கிட்டதெல்லாம்...?”

“எல்லாப் பழியையும் பாதரசத்து மேல போட முடியாதும்மா. பாதிக்கு மேல போடலாம்.”

அந்த இடத்தில் மெக்கானிக் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடிக்கொள்ளவில்லை. “மோதிரம் ஏன் வெளுத்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். “என் மோதிரத்தை நான் கழட்டி வச்சிட்டுத்தான் வேலை செய்வேன்.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“தங்கத்துக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கு. புள்ளைக்கு ஆகாதுன்னு தோணலையா உங்களுக்கு?”

டாக்டரம்மா சிறுநீரும் ரத்தமும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மருந்து எழுதினார், அது பாதரசத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் வெளியே தள்ளும். “ஆனா மருந்தைவிட முக்கியம், அந்த வீட்டுக்குள்ள இனி யாரும் போகக் கூடாது. மருந்து ஒரு பக்கம் எடுக்கும், வீடு ஒரு பக்கம் போடும், அப்புறம் என்ன பிரயோஜனம்? துணி, படுக்கை, பொம்மை, செருப்பு, எதையும் எடுத்துக்கிட்டு வராதீங்க. இப்ப போட்டிருக்கறதையும் ஒரு பையில போட்டுக் கட்டிக் குடுத்துட்டு வேற உடுத்திக்கங்க. ஒண்ணையும் துவைக்காதீங்க, வாஷிங் மிஷின் முழுக்கப் பரவிடும். மோதிரத்தையும் கழட்டுங்கம்மா.”

மச்சான் வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த தொளதொள உடுப்பில், வெறுங்காலோடு. மச்சானின் மனைவி மறு பேச்சில்லாமல் உள்ளறையை ஒழித்துக் கொடுத்தாள்.

நகரசபை சுகாதாரப் பிரிவிலிருந்து முகமூடி போட்டவர்கள் வந்து மெக்கானிக் வீட்டைத் திறந்தார்கள். அவரை வாசற்படிக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார்கள். அவர்கள் கையில் ஆவியை அளக்கும் கருவி இருந்தது. மேசைப் பக்கம் கொண்டுபோனபோது அது கத்தியது. துடைப்பத்தின் பக்கம் கொண்டுபோனதும் அலறியது.

“கூட்டினீங்களா?” என்றார் மேற்பார்வையாளர்.

“தெறிச்சா கூட்டுவேன்.”

“கூட்டவே கூடாதுங்க. ஒரு சொட்டை ஆயிரம் சொட்டா உடைச்சு வீடு பூராத் தெளிச்சிருக்கீங்க. வாக்குவம் போட்டா இன்னும் மோசம், சூடாக்கி ஊதிவிட்டுடும். முதல்ல ஜன்னலைத் திறக்கணும். ஹீட்டரை அணைக்கணும். எல்லாரையும் வெளிய அனுப்பணும். கெட்டி அட்டையால ஒதுக்கி, சொட்டு மருந்துக் குழாயால உறிஞ்சி, தண்ணி ஊத்தின பாட்டில்ல போட்டு இறுக மூடணும். பொடிசா இருக்கறதை ஒட்டுற டேப்பால எடுக்கணும். சாக்கடையில ஊத்தவே கூடாது.” அவர் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு ஒட்டி வைத்து அடித்துக் காட்டினார். விரிப்பு முழுக்கப் பொடிப் பொடியாக மின்னியது. வாலு தலை வைத்துப் படுக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே மின்னியது.

மேசையையும் கருவிகளையும் அவர்களே எடுத்துப் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கை நடுங்கியதில் கையெழுத்து வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மச்சான் ஒரு பேட்டரிக் கருவியை வாங்கி வந்து மேசையில் வைத்தான். “மன்னிச்சுக்கங்க மாமா, உங்க எதிரியைத்தான் வாங்கிட்டு வந்திருக்கேன்.” மெக்கானிக் அதை வாலுவின் கையில் கட்டினார். எண்ணிக்கை இறங்கியது. நூற்று நாற்பதுக்கு வந்தது. அப்புறம் நூற்று முப்பதுக்கு. ஒருநாள் நூற்று இருபத்தாறு. அன்று வாலு ரொட்டி கேட்டு வாங்கித் தின்றாள். மச்சானைக் கேலி செய்து பாட்டுக் கட்டினாள். அவள் அம்மா குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதோடு நின்றுவிட்டது. நின்றதோடு விடவில்லை, ஏறவும் ஆரம்பித்தது. நூற்று முப்பத்திரண்டு. நூற்று முப்பத்தெட்டு. கால் வலி திரும்பியது. மெக்கானிக் பார்க்கும்போதெல்லாம், “எவ்வளவுப்பா?” என்று கேட்டாள். அவர், “நூத்திப் பத்து” என்றார். பழகிய வாய். மனைவியிடம், “இறங்கிட்டு இருக்கு” என்று மென்று முழுங்கினார். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு மென்று முழுங்கத் தெரியாது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “மருந்து எடுக்குது. யாரோ மறுபடி போடறாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவரை வாசலிலேயே மறித்தாள்.

“அங்க போறீங்களா?”

“சத்தியமா இல்ல. அந்தத் தெருப் பக்கமே போகல.”

“வேற எங்கயாவது வச்சு வேலை பாக்கறீங்களா?”

“இல்லம்மா! ஒரு மிஷினைத் தொடல!”

“நம்பச் சொல்றீங்களா? மோதிரத்துக்கு ஒரு பொய். புள்ளை உயிருக்கு ஒரு பொய். இறங்கிட்டு இருக்குன்னு நேத்துகூடச் சொன்னீங்களே!”

இந்தத் தடவை அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த உண்மைக்கு அந்த வீட்டில் மதிப்பே இல்லை. மச்சான்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு, “மாமா, கொஞ்ச நாள் பால்கனியில படுத்துக்கறீங்களா?” என்றான். தன் மகளைக் கொல்வது தான்தானோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை குளித்தார். நகத்தை ஒட்ட வெட்டினார், தலையை மொட்டையடித்தார், புதுச் சட்டை மாற்றினார். பால்கனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நூற்று நாற்பத்தொன்று என்று காட்டியது கருவி.

நடந்துகொண்டே இருந்தவர் ஒரு பகலில் நின்றார். மிஷின் பொய் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் தானும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் பாதரசம் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவர் மேல் வரவில்லை என்றால் வேறு எதன் மேலோ வந்திருக்கிறது.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். மச்சான் பஸ்ஸில். மச்சானின் மனைவி சமையலறையில், கொஞ்ச நாளாகத் தனக்கும் சரியாகத் தூக்கமில்லை என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் உள்ளறைக்குப் போனார். திரையை இழுத்து இருட்டாக்கினார். வாலு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் தரையில் வயிறு படப் படுத்து, டார்ச்சை ஒட்டி வைத்து அடித்தார். கட்டிலுக்கு அடியில், சுவரோரம், ஒன்று மின்னியது. பக்கத்தில் இன்னொன்று. கட்டில் விளிம்பில் ஒன்று. தலையணைக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோனார்.

வாலு சட்டென்று கையைத் தலையணைக்கு அடியில் விட்டு இறுக மூடிக்கொண்டாள்.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“வாலு.”

அவள் மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே ஊசி மருந்துப் புட்டியின் கண்ணாடிக் கழுத்து தெரிந்தது. மெக்கானிக்குக்கு அது எதுவென்று உடனே தெரிந்துவிட்டது. முன்பு பல் பிடுங்கிய அன்று, ரத்தத்தைப் பார்த்து அவள் அலறியபோது, தட்டிலிருந்து பெரிய சொட்டாக ஒன்றை எடுத்து அந்தப் புட்டியில் விட்டுக் கொடுத்தவர் அவர்தான். ‘இது உருக்கின வெள்ளி. கையில வச்சு உருட்டினா பயமெல்லாம் போயிடும். அம்மாகிட்டகூடக் காட்டாதே’ என்று காதில் சொல்லியிருந்தார். அழுகை நின்றுவிட்டது. அவருக்கு அன்று பெருமையாக இருந்தது.

“எப்படிக் கொண்டு வந்தே? எல்லாத்தையும் வாங்கிட்டாங்களே?”

“பாக்கெட்ல இருந்துச்சு. டிரஸ் மாத்தறப்ப வாயில போட்டுக்கிட்டேன்.”

“தினமும் எடுத்தியா?”

“ஊசி போடுற அன்னிக்கு மட்டும். அப்புறம் நீயும் அம்மாவும் சண்டை போட்டா.” அவள் உதடு பிதுங்கியது. “பயம் வந்தா எடுத்து உருட்டச் சொன்னே. நீதானேப்பா குடுத்தே?”

“நான்தான் குடுத்தேன்.”

சமையலறைக்கு ஓடினார். காலி ஜாம் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, ஒட்டும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, மச்சானின் மனைவியிடம், “அம்மா, எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு வெளிய போயிடு. ஜன்னலைத் திற. பாதரசம் இங்கயும் வந்துடுச்சு. கொண்டு வந்தது நான்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். வாலுவின் முன் மண்டியிட்டுப் பாட்டிலை நீட்டினார்.

“இதுல போடு, கண்ணு.”

“மாட்டேன். இது வெள்ளி.”

“வெள்ளி இல்ல. அப்பா பொய் சொன்னேன். அது பயத்தைப் போக்காது. உன் கால் வலிக்கறது அதாலதான். நீ தூங்காம இருக்கறது அதாலதான்.”

வாலு அவரையே பார்த்தாள். அழவில்லை. கேட்டாள்.

“நூத்திப் பத்து?”

அவர் வாய் வரை வேறு ஏதோ வந்தது. அதை விழுங்கினார்.

“அதுவும் பொய்தான்.”

“அப்ப எவ்வளவு?”

“நூத்தி நாற்பத்தொண்ணு.”

“நிறையவா?”

“நிறைய.”

“இறங்குமா?”

இறங்கிடும், நாளைக்கே இறங்கிடும் என்று சொல்லத் துடித்தது நாக்கு. இத்தனை வருடம் யார் முகம் வாடினாலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். “எனக்குத் தெரியல, வாலு” என்றார். “இது போயிட்டா இறங்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

அப்பாவுக்கும் பயம் வரும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. அவள் அதை யோசித்துப் பார்ப்பது தெரிந்தது. பிறகு கையை நீட்டிப் புட்டியைப் பாட்டிலுக்குள் போட்டாள். உள்ளங்கை ரேகையில் ஒரு பொடி மின்னிக்கொண்டிருந்தது. அவர் டேப்பைக் கிழித்து அதை ஒற்றி எடுத்தார், அந்த டேப்பையும் உள்ளே போட்டு மூடியை இறுக்கினார். ஜன்னலைத் திறந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

படியில் மனைவி ஏறி வந்துகொண்டிருந்தாள். வெறுங்காலோடு இறங்கும் அவரையும், தோளில் கிடந்த பிள்ளையையும் பார்த்து நின்றாள். “என்ன ஆச்சு?” என்றாள்.

“நூத்தி நாற்பத்தொண்ணு” என்றார் மெக்கானிக். “நேத்தும் ஏறித்தான் இருந்துச்சு. எல்லாம் சொல்றேன், முதல்ல கீழே வா.”

வாலு அவர் காதருகே வாயை வைத்தாள்.

“அப்பா, இறங்கினாலும் சொல்லு. ஏறினாலும் சொல்லு.”

“சொல்றேன்” என்றார் அவர்.